பிங் பதில் சொன்னால் டிஎன்எஸ் உயிரோடிருக்கிறது என்று நம்பாதீர்கள்: 2,36,000 ரூபாய் போன கதை

எனிகாஸ்ட் டிஎன்எஸ் (இணையப் பெயரைச் சேவையகத்தின் ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை, ஒரே முகவரியில் பல ஊர்களிலிருந்து இயக்குவது) சேவைக்காக ஓராண்டுக்கு முன்கூட்டியே கட்டிய 2,36,000 ரூபாயில், ஜிஎஸ்டி உட்பட, ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்று நேற்று மாலை மின்னஞ்சல் வந்துவிட்டது. விற்றவர்கள் சொந்தமாக வலையமைப்பு நடத்துபவர்கள் அல்லர். பெரிய டேட்டா சென்டர்களில் இடம் பிடித்து, அதன்மேல் தங்கள் முத்திரையைக் குத்தி, சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கு “ஒருபோதும் நிற்காத டிஎன்எஸ்” என்று விற்கும் இடைநிலை நிறுவனங்களில் ஒன்று. பெயரை எழுதப் போவதில்லை; இதே பேச்சைப் பேசுபவர்கள் சந்தையில் பலர் இருப்பதால், ஏமாற்று எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று சொல்வதே பயன் தரும்.

கோயம்புத்தூரிலிருந்து ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை இணையவழியில் நடத்துகிறோம். டிஎன்எஸ் நின்றால் கடைகளில் பில் போட முடியாது என்பதால்தான் இவ்வளவு பணம் கொடுக்கவே துணிந்தோம். வீடியோ அழைப்பில் பேசிய அவர்களுடைய பொறியாளர் விஷயம் தெரிந்தவர். அவர் விளக்கியதில் ஒரு வாக்கியமும் தவறில்லை என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஒரே ஐபி முகவரியை ஒன்பது நகரங்களிலிருந்து பிஜிபி (வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) வழியாக அறிவிப்போம், எந்த ரிசால்வர் (பயனருக்காக டிஎன்எஸ் விடையைத் தேடித் தரும் சேவையகம்) கேட்டாலும் பிஜிபி தேர்ந்தெடுக்கும் வழியில் அதற்கு வாய்த்த தளத்துக்குக் கேள்வி போகும், ஒரு தளத்தில் சேவையகம் செத்தால் அங்கிருந்து அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டு மற்ற தளங்கள் சுமையை ஏற்கும் என்றார். 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4786 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்வதும் ஏறக்குறைய இதையே. டிஎன்எஸ் தேடலின் தொடக்கப் புள்ளியான பதின்மூன்று ரூட் சேவையகங்களும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. பிறகு எங்கள் அலுவலகத்திலிருந்தே பிங், அதாவது இயந்திரம் எவ்வளவு நேரத்தில் பதில் தருகிறது என்ற சோதனை, செய்யச் சொன்னார். பன்னிரண்டு மில்லிசெகண்டில் பதில் வந்தது. “பார்த்தீங்களா சார், சென்னையிலேயே இருக்கு” என்றார். அந்தப் பன்னிரண்டை நம்பித்தான் 2,36,000 ரூபாய் போனது.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை, கடைகளில் கூட்டம் நெரியும் நேரத்தில், ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஒரே சமயத்தில் அழைப்புகள் வரத் தொடங்கின. எங்கள் டொமைனுக்கு விடையே வரவில்லை. அவர்களே பரிந்துரைத்தபடி டிடிஎல் (ரிசால்வர் ஒரு விடையைத் தன் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்திருக்கும் காலம்) ஐந்து நிமிடமாக இருந்ததால், ரிசால்வர்களின் கேஷில் இருந்த பழைய விடையும் உடனே காலாவதியாகிவிட்டது. சென்னைத் தளத்தில் டிஎன்எஸ் மென்பொருள் மட்டும் விழுந்திருக்கிறது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது, ரூட்டரும் அந்த முகவரியைத் தொடர்ந்து அறிவித்துக்கொண்டே இருந்தது. கடை பூட்டியிருக்க வாசல் விளக்கு மட்டும் எரிவதைப் பார்த்து வாடிக்கையாளர் வந்து நிற்பது போல, தமிழ்நாட்டின் கேள்விகளெல்லாம் அங்கேயே போய் மடிந்தன. இரண்டு நேம்சர்வர் (டொமைனுக்கு விடை தரும் டிஎன்எஸ் சேவையகம்) முகவரிகள் கொடுத்திருந்தார்களே என்று கேட்பீர்கள். இரண்டும் ஒரே /24 தொகுதிக்குள் (அடுத்தடுத்த 256 ஐபி முகவரிகள்), ஒரே தளங்களிலிருந்து அறிவிக்கப்பட்டவை. ஆகவே முதல் முகவரி கைவிட்டதும் இரண்டாவதைத் தேடிய ரிசால்வரும் அதே இடத்தில்தான் போய் முட்டியது.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் முதல் பதில், “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது.” அவர்கள் பார்த்தது சிங்கப்பூர்த் தளத்தை, எனிகாஸ்டில் ஒரு தளத்தின் பழுது அந்தத் தளத்துக்குப் போய்ச் சேரும் வட்டாரத்துக்கு மட்டுமே தெரியும் என்பது அதை விற்பவர்களுக்குத் தெரியாதா? அடுத்து, எங்கள் இணைய இணைப்பைக் குறை சொன்னார்கள். அதன்பின் பிங் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி டிக்கெட்டை மூடினார்கள். பிங்குக்குப் பதில் சொல்வது இயந்திரத்தின் இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்). டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய மென்பொருள் செத்த பிறகும் பிங் சிரித்துக்கொண்டேதான் இருக்கும்.

கடைசியில் அந்தப் பொறியாளரே பேசினார். அறிவிப்பைத் தானாகத் திரும்பப் பெறுவது ஆபத்து என்றும், 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் அப்படித்தான் இணையத்திலிருந்தே மறைந்தது என்றும் சொல்லி, வேண்டுமென்றேதான் அந்த வசதியை நிறுத்தி வைத்திருப்பதாகக் கூறினார். விற்கும்போது சொன்னதற்கு நேர் எதிர். ஃபேஸ்புக்கில் தளங்களை இணைக்கும் உள் முதுகெலும்பு வலையமைப்பு அறுந்ததும் எல்லாத் தளங்களும் தாங்களே பழுதென்று முடிவுசெய்து ஒரே நேரத்தில் விலகின. அதற்குப் பரிகாரம், எந்த நிலையிலும் விலகாத ஒரு மையத் தளத்திலிருந்து /23 போன்ற அகலமான தொகுதியை அறிவித்து வைப்பது. மற்றத் தளங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும் குறுகிய /24-ஐ விலக்கிவிட்டாலும் போக்குவரத்து அந்த மையத் தளத்துக்குப் போய்ச் சேரும். செத்த தளத்தை அறிவிப்பில் விட்டுவைப்பது எந்த வகையிலும் பரிகாரமாகாது.

ஒன்பது நகரக் கணக்கையும் பிறகு சோதித்தேன். எந்தச் சேவையகம் விடை தருகிறது என்று அதனிடமே கேட்கும் என்எஸ்ஐடி வசதி 2007 முதல் உண்டு. வெளிநாட்டு நண்பர்கள் வழியாகக் கேட்டதில் பிராங்க்ஃபர்ட், சிட்னி, துபாய் என எங்கிருந்து கேட்டாலும் சிங்கப்பூர்ப் பெயரே வந்தது. இந்தியாவிலிருந்து மட்டும் சென்னை. ஆக, 2,36,000 ரூபாய்க்கு இரண்டு தளங்கள்.

விரிவாக வழிகாட்ட நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. வாங்கும் முன் உங்கள் கண்ணெதிரே டிஎன்எஸ் மென்பொருளை நிறுத்தச் சொல்லி, அறிவிப்பு விலகுகிறதா என்று பாருங்கள். உயிர்ச் சோதனை உண்மையான டிஎன்எஸ் கேள்வியால் நடக்க வேண்டும், பிங்கால் அல்ல. நேம்சர்வர்கள் வெவ்வேறு தொகுதிகளில், வெவ்வேறு தளங்களில் இருக்க வேண்டும். முடிந்தால் வேறொரு நிறுவனத்திடமும் ஒன்று வையுங்கள், 1997-இன் ஆர்எஃப்சி 2182 ஆவணமே நேம்சர்வர்களைப் பிரித்து வைக்கச் சொல்கிறது. ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். இழப்பீட்டு விதியைப் படியுங்கள்: 2,36,000 ரூபாய்க்கு ஈடாக எங்களுக்கு அவர்கள் தர முன்வந்தது, அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பில் ஒரு நாள் கட்டணமான 647 ரூபாய்க் கழிவு.