"கிளியர் சார்" என்றார்கள், நம்பினோம்: பெயர் வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் சோப்பின் பழைய பெயரை இங்கே எழுத முடியாது. இனி எந்த வடிவத்திலும், எந்த இடத்திலும் அந்தப் பெயரைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இவ்வளவுதான் சொல்லலாம்: நல்ல தமிழ்ச் சொல், நடுவில் ஒரு ழ. அந்த ழ தான் எங்களைக் கவிழ்த்தது.

சோப்பு காய்ச்சுவது முழுக்க என் தங்கச்சி. கணக்கு, விற்பனை, அலைச்சல் எல்லாம் நான். தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தவரை பெயரே தேவைப்படவில்லை. கடைகளில் வைக்கலாம் என்று முடிவானபோதுதான் பெயர், லேபிள், பெட்டி என்று இறங்கினோம். பெயரை அவள்தான் பிடித்தாள். கேட்டவுடன் எனக்கும் பிடித்துவிட்டது. அங்கேயே பாதிக் கண் மூடிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பெயர்ப் பதிவு, டொமைன், லோகோ எல்லாம் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தேன். போனில் பெயரைச் சொன்னேன். "இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க சார்?" என்று கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "கிளியர் சார். நூறு சதவீதம் கிளியர். இன்னிக்கே ஃபைல் பண்ணிடலாம்." சாயங்காலமே தேடல் அறிக்கை வந்தது. இரண்டு பக்கம். நடுவில் எங்கள் பெயர், பக்கத்தில் பெரிய பச்சை டிக். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

அதே வாரம் அந்தப் பெயரில் கம்பெனி பதிவாகிவிட்டது. டொமைனும் கிடைத்தது. அரசாங்கமே பெயரை ஒப்புக்கொண்டுவிட்டது, இனி யார் என்ன கேட்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன். இது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கம்பெனிப் பதிவகம் பார்ப்பது, பெரும்பாலும், அதே பெயரில் வேறு கம்பெனி இருக்கிறதா என்பதை. டொமைன் விற்பவர் அதையும் பார்ப்பதில்லை. காலியாக இருந்தால் காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார். டிரேட்மார்க் உரிமை, அதாவது ஒரு பெயரையோ சின்னத்தையோ போட்டுப் பொருள் விற்கும் தனி உரிமை, இந்த இரண்டிலிருந்தும் தனி. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே நீங்கள் இன்னொருவரின் உரிமையை மீறிக்கொண்டிருக்கலாம். நாங்கள் எட்டு மாதம் அதைத்தான் செய்தோம்.

எட்டாவது மாதக் கடைசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தலைக்கான எண்ணெயும் ஷாம்பூவும் செய்கிறவர்கள் அனுப்பியது. அவர்கள் பதிவு எங்களுக்குப் பல வருடம் முந்தியது. பின்னால் பதிவுச் சான்றிதழின் நகல் இணைத்திருந்தார்கள். பெயரைப் பார்த்ததும் எனக்கு முதலில் நிம்மதிதான். எங்கள் எழுத்து இல்லையே! நாங்கள் ழகரத்துக்கு இசட், எச் என்று போட்டிருந்தோம்; அவர்கள் ஒற்றை எல் போட்டிருந்தார்கள். எங்கள் நெடில் ஒற்றை ஏ, அவர்களுடையது இரட்டை ஏ. சரி, வேறு பெயர்தான் என்று தைரியமாக அந்தச் சான்றிதழை வாய்விட்டுப் படித்தேன். உள்ளே இருந்து தங்கச்சி குரல் வந்தது:

"அண்ணா, நம்ம பேரை எதுக்கு இப்படிக் கத்திப் படிக்கிறே?"

என் நிம்மதி அதோடு போயிற்று. சட்டம் கேட்பதும் ஏறத்தாழ அதே கேள்விதான். எழுத்து ஒன்றா என்று மட்டும் பார்ப்பதில்லை. வாங்க வருகிறவர் குழம்புவாரா என்று பார்க்கிறது. பார்வைக்கு எப்படி, காதுக்கு எப்படி, பொருள் என்ன என்று மூன்றையும் எடைபோடும். கடையில் பெயர் சொல்லிக் கேட்கிற பொருளுக்குக் காது இன்னும் முக்கியம்.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். கோபமே படவில்லை மனிதர். "நீங்க சொன்ன ஸ்பெல்லிங்கைத்தானே சார் தேடினோம்? அந்த ஸ்பெல்லிங்ல இன்னிக்கு வரைக்கும் யாரும் இல்லை. ரிப்போர்ட்லயே போட்டிருக்கோமே." எடுத்துப் பார்த்தேன். அந்தப் பொடி எழுத்து: இந்த அறிக்கை கொடுக்கப்பட்ட எழுத்துக்கோவையுடன் அச்சாகப் பொருந்தும் பதிவுகளை மட்டுமே காட்டும். பொய் சொல்லவில்லை, பாருங்கள். தேடாத தேடலுக்குக் காசு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். இதில் எனக்குத் தாங்காதது அந்த "நூறு சதவீதம்". பொடி எழுத்தை எழுதத் தெரிந்தவருக்கு அதைப் போனில் சொல்லவும் தெரிந்திருக்கும்.

இதோடு நிற்கவில்லை. விண்ணப்பம் போட்ட அன்றே "நம்பர் வந்துடுச்சு சார், லேபிள்ல வட்டத்துக்குள்ள ஆர் போட்டுக்கலாம்" என்று சொல்லியிருந்தார். போட்டோம். அது வெறும் விண்ணப்ப எண். வட்டத்துக்குள் ஆர் என்பது பதிவு முடிந்த டிரேட்மார்க்குக்கு மட்டும். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது பல நாடுகளில் குற்றம். விண்ணப்பத்தில் இருக்கும் பெயருக்கு டிஎம் என்ற இரண்டு எழுத்துதான் போடலாம். நோட்டீஸில் இதையும் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். நாங்கள் அச்சடித்த ஒவ்வொரு லேபிளும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

வேறு வழியில்லாமல் ஒரு வக்கீலிடம் போனோம். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பேரை எத்தனை விதமா எழுதலாம்?" ஒரு தாளை எடுத்து எங்களையே எழுதச் சொன்னார். ழ வரும் இடத்தில் இசட்-எச் அல்லது எல். த வரும் இடத்தில் வெறும் டி அல்லது டி-எச். நெடிலுக்கு ஒற்றை அல்லது இரட்டை. இரண்டு, இரண்டு, இரண்டு: எட்டு விதம். ஏஜென்ட் தேடியது அதில் ஒன்று. கணினியைத் திறந்து வரிசையாகத் தட்டினார். மூன்றாவதில் வந்து நின்றது அவர்கள் பெயர், பதிவு நடப்பில் உள்ளது என்ற குறிப்போடு. மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். அந்தத் தளம் பொதுத் தளம். நானே வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பார்த்திருக்கலாம். அந்த அறையில் அதற்கப்புறம் என்ன பேசினார்கள் என்று கொஞ்ச நேரம் எனக்குக் காதில் ஏறவே இல்லை.

தமிழ்ப் பெயர் வைக்கிறவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. நம் எழுத்தில் ஒரே க, ஆங்கிலத்தில் கே ஆகவும் ஜி ஆகவும் போகும். ப, P ஆகவும் B ஆகவும் போகும். சில பதிவகத் தளங்களில் ஒலி ஒப்புத் தேடல் என்று தனித் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நம் வாயில் எது எதோடு ஒன்றாக ஒலிக்கும் என்று நமக்குத்தான் தெரியும். பெயர் முழுவதையும் தட்டாமல், முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டு வருவதையெல்லாம் படித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. சலிப்பான வேலைதான். அந்தச் சலிப்புக்குத்தான் ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்கிறோம், அவர் செய்வதில்லை.

அப்புறம் வகுப்பு, அதாவது எந்த வகைப் பொருளுக்கு அல்லது சேவைக்குப் பெயரைப் பதிகிறோம் என்பது. உலகின் பெரும்பாலான பதிவகங்கள் 1957-இல் உருவான நீஸ் உடன்படிக்கையின் வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன: மொத்தம் 45 வகுப்புகள், முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. சோப்பு 3-ஆம் வகுப்பு. எங்கள் அறிக்கை அந்த ஒன்றை மட்டும்தான் பார்த்திருந்தது. மருந்துச் சோப்பு 5-இல் வரும், அழகு நிலையங்கள் 44-இல் வரும், சில்லறை விற்பனைச் சேவை 35-இல். வேறு வகுப்பில் இருப்பவர்கூட, தன் வாடிக்கையாளர் குழம்புவார் என்று காட்டினால் தடுக்கலாம். வகுப்பு என்பது நிர்வாக வசதிக்கான அலமாரி, அதுவே வேலியாகிவிடாது.

பதிவேட்டில் இல்லாதவர்களும் உண்டு. பதிவே செய்யாமல் ஒரு பெயரை நெடுங்காலம் பயன்படுத்தி நற்பெயர் சேர்த்தவருக்கும் பல நாடுகளில் உரிமை இருக்கிறது. ஆகவே பதிவேட்டோடு நிறுத்தாமல் தேடுபொறி, சமூக ஊடகம், இணைய அங்காடி, ஆப் ஸ்டோர் எல்லாவற்றிலும் அதே எட்டு விதத்தையும் தட்டிப் பார்க்கச் சொன்னார் வக்கீல். லோகோவில் படம் இருந்தால் அதற்கு வியன்னா வகைப்பாடு என்று தனி எண் வரிசை. மரம், பறவை, நட்சத்திரம் என்று உருவத்தை வைத்தே தேடலாம். பல நாடுகளைச் சேர்த்துப் பார்க்க உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ் இருக்கிறது, ஐரோப்பியர்கள் நடத்தும் டிஎம்வியூ இருக்கிறது. இரண்டும் இலவசம்.

இவ்வளவு செய்தாலும் நூறு சதவீதம் என்று ஒன்று இல்லை. 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டில் விண்ணப்பித்தவர் 6 மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் விண்ணப்பித்து முதல் தேதியையே முன்னுரிமையாகக் கோரலாம். அதாவது இன்று நீங்கள் தேடும்போது கண்ணில் படாத ஒருவர், நாளை உங்களுக்கு முந்தியவராக வந்து நிற்கலாம். பதிவாகிவிட்டால் பிரச்சினை இல்லை என்பதும் சரியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிரேட்மார்க் அலுவலகம் பழைய டிரேட்மார்க் இருக்கிறது என்பதற்காகத் தானாக எந்த விண்ணப்பத்தையும் நிராகரிப்பதில்லை. பெயரை வெளியிட்டு 3 மாதம் ஆட்சேபத்துக்கு விடும், பழைய உரிமையாளர்தான் வந்து தடுக்க வேண்டும். எங்கள் வக்கீல் கடைசிவரை "கிளியர்" என்ற சொல்லையே சொல்லவில்லை. "இந்த இடத்தில் ஆபத்து குறைவு, இந்த இடத்தில் கொஞ்சம் இருக்கிறது" என்றுதான் எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதுகிறவரைத் தேடுங்கள்.

பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள் என்று அவரே எங்களைத் தேற்றினார். மைக்ரோசாஃப்ட் தன் சேமிப்புச் சேவைக்கு ஸ்கைடிரைவ் என்று பெயர் வைத்திருந்தது. பிரிட்டனின் ஸ்கை ஒளிபரப்பு நிறுவனம் 2013-இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஜெயித்தது. 2014-இல் அது ஒன்டிரைவ் ஆனது. பர்கர் கிங் 1971-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அந்தப் பெயர் அடிலெய்டில் ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது, அதனால் அங்கே இன்றுவரை ஹங்ரி ஜாக்ஸ். ஆனால் பர்கர் கிங் கடை திறப்பதற்கு முன்பே தேடிப் பார்த்து வேறு பெயர் வைத்துக்கொண்டது. நாங்கள் கடைகளில் வைத்த பிறகு கண்டுபிடித்தோம்.

வழக்காடும் தெம்பு எங்களுக்கு இல்லை. எதிர்த்தரப்பு நியாயமாகவே நடந்துகொண்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, டொமைனைக் கொடு, கம்பெனிப் பெயரை மாற்று, இருக்கும் சரக்கைப் பெயரை மறைத்து இரண்டு மாதத்தில் விற்றுக்கொள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பெட்டிகளின்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினோம். காலையில் பார்த்தால் ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்டிக்கருக்குக் கீழே ழகரத்தின் வால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. தங்கச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்னும் அகலமாக ஸ்டிக்கர் வாங்கி மறுபடி ஒட்டினோம்.

புதுப் பெயருக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டோம். முதல் பதினோரு பெயர்களும் தேடலிலேயே செத்தன. பன்னிரண்டாவது, எந்த மொழியிலும் பொருள் இல்லாத ஒன்று. பொருளை அப்படியே வர்ணிக்கும் பெயரைப் பதிவகமே தள்ளிவிடும், புனைந்த சொல்தான் வலுவானது என்று வக்கீல் சொன்னார். ஈஸ்ட்மன் 1888-இல் பதிந்த கோடாக்கும் அப்படிப் புனைந்ததுதானாம். எங்கள் சொல்லில் ழ இல்லை. நெடிலும் இல்லை. தங்கச்சி பிடிவாதமாக அப்படித்தான் வேண்டும் என்றாள்.

விண்ணப்பம் போட்டோம். விண்ணப்ப விவரங்கள் பொதுவில் வரும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வந்த கொஞ்ச நாளில் முத்திரை, கழுகு எல்லாம் போட்டு, அரசு அலுவலகம் போலவே ஒரு பில் வரும். "சர்வதேசப் பதிவேட்டில்" சேர்க்கக் கட்டணம் கட்டச் சொல்லும். எங்களுக்கு இரண்டு வந்தன. உலக அறிவுசார் சொத்து அமைப்பே இந்த மாதிரிக் கடிதங்களைப் பற்றி எச்சரிக்கிறது. கட்டாதீர்கள், உங்கள் வக்கீலிடமோ பதிவகத்திடமோ கேட்டுவிடுங்கள்.

அந்த வாரமே இன்னொரு செய்தியும் போனில் வந்தது. அதே ஏஜென்ட். நான் பழைய ஆள் என்றே தெரியவில்லை போலிருக்கிறது. புதிதாக விண்ணப்பித்தவர்களுக்குச் சலுகை விலையில் தேடல் அறிக்கை போட்டுத் தருகிறாராம். ஒன்றும் வேண்டாம், ஸ்பெல்லிங் மட்டும் அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தார்.