பதியாமல் விட்ட ட்ரேயும் பொய்யாய்ப் பதிந்த ட்ரேயும்

மருத்துவமனையின் சி.எஸ்.எஸ்.டி.யில், அதாவது அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கித் தரும் பிரிவில், வேலை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் கேள்வி ஒன்று உண்டு: "நேத்து மத்தியானம் மூணாவது லோடுல போன ட்ரே எல்லாம் இப்ப எங்க இருக்கு?" (ட்ரே என்பது கருவித் தட்டு, லோடு என்பது கிருமி நீக்கும் மெஷினில் ஒரே தடவையில் ஏற்றுபவை.) கேட்பவரின் குரலிலேயே தெரிந்துவிடும், பயாலஜிக்கல் இண்டிகேட்டர் பாசிட்டிவ் என்று. நீராவிக்கு லேசில் மசியாத ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களை, அதாவது எளிதில் சாகாத உறங்குநிலை வித்துகளை, கருவிகளோடு உள்ளே அனுப்பி, அவை செத்தனவா என்று பார்க்கும் சோதனை அது; பாசிட்டிவ் என்றால் சாகவில்லை. இப்போது அரை மணிக்குள் முடிவு சொல்லும் வகைகளும் உண்டு. பழைய வகைக் குப்பி என்றால் 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த லோடில் பாதி ட்ரேக்கள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்ப் பிரிக்கப்பட்டிருக்கும்.

கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று ஏற்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன: நோட்டும் லேபிளும், பார்கோடு, ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக். மூன்றோடும் மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். விற்பனையாளர்கள் காட்டும் ஒப்பீட்டில் வேகம், ஆள் மிச்சம், பேட்டரி தேவையில்லை என்பதெல்லாம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது வேறு: இது தப்புப் பண்ணினால் எந்தப் பக்கமாகத் தப்புப் பண்ணும்?

நோட்டை முதலில் முடித்துவிடலாம். லேபிள் கன்னால் தேதி, மெஷின் எண், லோடு எண் அடித்து பேக்கில் ஒட்டுகிறோம். தியேட்டரில் பிரிக்கும்போது அதையே உரித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். கரண்ட் போனாலும் வேலை நடக்கும். ஆனால் திருப்பித் தேடும்போதுதான் கஷ்டம். கேஸ் ஷீட் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். அவசர கேஸில் லேபிள் குப்பைக் கூடைக்குப் போயிருந்தால் புரட்டியும் பயனில்லை. சின்ன இடங்களுக்கு இது போதும். தினம் நூற்றுக்கணக்கில் ட்ரே ஓடும் இடத்துக்குப் போதாது.

பார்கோடில் இரண்டு ரகம். ட்ரேக்கு ஒட்டும் லேபிள் ஒன்று. கருவியின் மேலேயே லேசரில் பொறிக்கும் டேட்டா மேட்ரிக்ஸ் இன்னொன்று. கியூ.ஆர். கோடு மாதிரி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரம். மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013ல் கொண்டுவந்த யு.டி.ஐ. (கருவிக்குத் தனி அடையாளம்) விதி, ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் கருவிகளின் உடம்பிலேயே அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவின் 2017/745 விதிமுறையிலும் இதே போக்குதான். ஆகவே புதிதாக வாங்கும் கருவிகள் பலவற்றில் அந்தச் சதுரம் ஏற்கெனவே இருக்கும், தனிச் செலவு கிடையாது.

அதைப் படிப்பதுதான் பாடு. ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைக் கையில் எடுத்து, ஸ்கேனருக்கு நேராகக் காட்டி, ஸ்டீல் பளபளப்பில் வெளிச்சம் அடிக்காத கோணம் கிடைக்கும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்து, "பீப்" கேட்டதும் கீழே வைத்து அடுத்ததை எடுக்க வேண்டும். அறுபது கருவி உள்ள செட்டுக்கு அறுபது பீப். சாயங்காலம் ஆறு மணிக்கு, அடுத்த நாள் ஆபரேஷன் லிஸ்ட் காத்திருக்கும்போது, இதை யாரும் முழு மனதோடு செய்வதில்லை. பொறிப்பு சரியில்லை என்றால் ஸ்டீலின் மேல் இருக்கும் காப்புப் படலம் கெட்டு, அந்த இடத்தில் துருவும் பிடிக்கும்.

ஒரு உபகதை: ட்ரேக்கு ஒட்டும் காகித பார்கோடு லேபிளை, சூடு தாங்காத கருவிகளுக்கான ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா மெஷினுக்குள் விடக்கூடாது. காகிதம் பெராக்சைடை உறிஞ்சும், சைக்கிள் (மெஷினின் ஒரு முழு ஓட்டம்) பாதியில் நின்றுவிடும். பாலிப்ரொப்பிலீன் லேபிள் வேண்டும். புதிதாக வந்த ஸ்டோர் ஆள் இதை ஒரு தடவை பட்டுத்தான் கற்றுக்கொள்வார்.

இனி டேக். சுத்திகரிப்புக்குப் பயன்படுவது பெரும்பாலும் பேட்டரி இல்லாத ரகம். ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைச் சொல்லும். இதிலும் இரண்டு ஜாதி. 13.56 மெகாஹெர்ட்ஸ் ஹெச்.எஃப். டேக் சில சென்டிமீட்டர் அருகே கொண்டுபோனால்தான் பேசும். 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் யு.ஹெச்.எஃப். டேக் சில மீட்டர் தூரத்திலிருந்தே, ஒரே நேரத்தில் பல டேக்குகளாகப் பதில் சொல்லும். ஆள் மிச்சம் என்று காட்டி விற்கும்போது பேசப்படுவது இந்த இரண்டாவது ரகம். "ட்ரேயைத் திறக்கவே வேண்டாம், அப்படியே வைத்தால் அறுபதையும் எண்ணிவிடும்" என்பார்கள்.

எண்ணும், உலர்ந்த நல்ல நாளில். ரேடியோ அலைக்கு உலோகமும் தண்ணீரும் ஆகாது. உலோகம் திருப்பி அடிக்கும், டேக்கின் ஆன்டெனாவைச் சுருதி மாற்றும், தண்ணீர் யு.ஹெச்.எஃப். அலையைக் குடிக்கும். வாஷரிலிருந்து வந்த ஈர ட்ரே இரண்டும் சேர்ந்த கலவை. நாங்கள் சோதித்துப் பார்த்தபோது முதல் தடவை 57 என்றது. ட்ரேயைக் கொஞ்சம் குலுக்கினோம், 59. கத்தரி ஒன்றை நகர்த்தினோம், 58! கடைசியில் கையால்தான் எண்ணினோம். உலோகத்துக்கென்றே செராமிக் அடியுடன் செய்த டேக்குகள் இந்தத் தொல்லையைக் குறைக்கின்றன, ஆனால் நுனி மெல்லிய மைக்ரோ கருவியில் அவை பருப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். துருத்தும் இடத்தில் அழுக்கு சேரும். 134 டிகிரி நீராவியைத் தாங்கும் டேக் கிடைக்கத்தான் செய்கிறது. அதைத் தளர்த்துவது வெறும் சூடு இல்லை, திரும்பத் திரும்ப வரும் வெற்றிடமும் அழுத்தமும், வாஷரின் காரச் சோப்பும்தான்.

குறைத்து எண்ணுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கணக்கு உதைப்பது கண்ணுக்குத் தெரியும். எனக்குப் பயம் கூட்டி எண்ணுவதில். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மெஷினின் வாசலில் யு.ஹெச்.எஃப். ரீடர் வைத்திருந்த ஓர் இடத்தில், உள்ளே போகாமல் பக்கத்து டிராலியில் காத்திருந்த ட்ரேயும் அந்த லோடில் "ஏறியதாக" திரையில் வந்தது. கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காதான், "இது இன்னும் வெளியில நிக்குதே" என்று பிடித்தார். நல்லவேளை, ட்ரேக்குள் இருந்த, நீராவி பட்டால் நிறம் மாறும் இண்டிகேட்டரும் நிறம் மாறாமல் இருந்தது.

வித்தியாசம் இங்கேதான். பார்கோடு தப்புப் பண்ணினால் ஒரு பதிவு விட்டுப்போகும். தியேட்டர் வாசலில் ஸ்கேன் செய்யும்போது "இந்த ட்ரேக்கு சைக்கிள் இல்லை" என்று சத்தம் போடும். மறுபடி ஸ்டெரிலைஸ் செய்வோம், நேர நஷ்டம் அவ்வளவுதான். யு.ஹெச்.எஃப். ரீடர் தப்புப் பண்ணினால் நடக்காத ஒன்று நடந்ததாகப் பதிவாகும். அந்த ட்ரே எந்தச் சத்தமும் இல்லாமல் தியேட்டர்வரை போகும். நம் வேலையில் இரண்டாவது தப்புக்கு இடமே இருக்கக்கூடாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. டேக் ஆனாலும் பார்கோடு ஆனாலும், ட்ரே அந்த மெஷினுக்குள் இருந்தது என்றுதான் சொல்லும். உள்ளே நீராவி எல்லா இடமும் போனதா, 134 டிகிரியில் 3 நிமிடம் நின்றதா என்பது மெஷினின் சைக்கிள் பதிவிலிருந்து வர வேண்டும். காலையில் போடும் போவி-டிக் சோதனை, காற்று முழுக்க வெளியேறியதா என்று சொல்ல வேண்டும். இவற்றோடு இணையாத டேக் மென்பொருள் வெறும் வருகைப் பதிவேடு.

இவ்வளவு சொன்னபின், டேக்கை நான் தயங்காமல் கேட்டு வாங்கும் இடம் ஒன்று இருக்கிறது: எண்டோஸ்கோப் (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவி) அறை. எண்ணிக்கை கொஞ்சம், விலை அதிகம், ஒவ்வொன்றுக்கும் படி நிறைய. நோயாளியின் பக்கத்திலேயே முதல் துடைப்பு, லீக் டெஸ்ட், பிரஷ் விட்டுக் கையால் கழுவல், பிறகு மெஷின் அல்லது கெமிக்கல், அலசல், உலர்த்தல், தொங்கவிடல். ஆட்டோகிளேவ் சூட்டை இந்த ஸ்கோப்களில் பெரும்பாலானவை தாங்காது. ஆகவே படியைத் தாண்டினால் காப்பாற்றப் பின்னால் எதுவும் இல்லை. சிறுகுடலின் தொடக்கம்வரை விடும் டியோடினோஸ்கோப்பின் நுனி அமைப்பே சுத்தம் செய்வதற்கு இடைஞ்சலாக இருக்கலாம் என்று 2015ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது நினைவிருக்கும்.

இங்கே ஹெச்.எஃப். டேக் அழகாகப் பொருந்துகிறது. ஈரக் கையுறையோடு பார்கோடு ஸ்கேனரைத் தேட வேண்டாம். ஸ்கோப்பின் கனெக்டரை சிங்க் ஓரத்து ரீடரில் தொட்டால் போதும், நேரம் பதிவாகும். தொடும் அளவுக்கு நெருங்கினால் மட்டுமே பேசும் என்பதால் பக்கத்து ஸ்கோப் தவறிப் பதிவாக வழியில்லை. கேஸ் முடிந்து கழுவ ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆனது, கையால் கழுவியது நாலு நிமிடமா நாற்பது நொடியா என்பதெல்லாம் தானாகக் கிடைக்கும். உள்ளே அழுக்கு காய்ந்துவிட்டால் அப்புறம் எந்த கெமிக்கலும் ஒழுங்காக வேலை செய்யாது என்பதால் அந்த முதல் இடைவெளிதான் எனக்கு மிக முக்கியம்.

தியேட்டருக்குள் ரீடர் வைப்பதென்றால் மட்டும் மருத்துவ மெஷின்களைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் ஆட்களைக் கூட்டிவைத்துப் பேசுங்கள். 2008ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில், தீவிர சிகிச்சைக் கருவிகளின் அருகே ஆர்.எஃப்.ஐ.டி.யை இயக்கிச் செய்த 123 சோதனைகளில் 34 முறை குறுக்கீடு தெரிந்தது. அதில் 22 ஆபத்தான வகை. நோயாளி இல்லாமல் செய்த சோதனைதான், 868 மெகாஹெர்ட்ஸ் ரகத்தில்தான் அதிகம். சி.எஸ்.எஸ்.டி.யில் வென்டிலேட்டர் ஓடுவதில்லை, ஆகவே அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

என் கணக்கு இப்படி: ட்ரேக்கு பார்கோடு, விலை கூடிய, அடிக்கடி தொலையும் தனிக்கருவிகளுக்கு மட்டும் டேட்டா மேட்ரிக்ஸ், ஸ்கோப்புக்கு ஹெச்.எஃப். டேக். யு.ஹெச்.எஃப். வாங்கியே தீருவது என்றால், டெமோவுக்கு வருபவரிடம் அவர் கொண்டுவந்த மாதிரி ட்ரேயை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். வாஷரிலிருந்து வந்த உங்கள் ட்ரேயைத் துடைக்காமல் கொடுங்கள். இன்னொரு ட்ரேயை ஆட்டோகிளேவ் கதவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி டிராலியில் நிறுத்தி, லோடைப் பத்து தடவை பதியச் சொல்லுங்கள். டிராலி ட்ரே ஒரே ஒரு தடவை லிஸ்டில் வந்தாலும் அந்த ரீடரை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிடலாம்; எந்த அலமாரியில் எந்தச் செட் இருக்கிறது என்று தேட அங்கே அது நன்றாகவே உதவும்.