பேஸ் கிற்றாருக்கு எந்தக் கம்பி? உப்புக்காற்றில் பதினொரு வருடம்

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டிலிருந்து கடனீரேரிக்கு ஐந்து நிமிட நடை. சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் யன்னலில் கைவைத்தாலே பிசுபிசுக்கும். இந்த வீட்டில்தான் பதினொரு வருடமாகப் பேஸ் கிற்றார் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். திருவிழாக் காலம் வந்தால் சினிமாப் பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போவேன்.

எந்தக் கம்பி போட்டால் எந்த ரோன் (ஒலியின் தன்மை) வரும் என்று பழகத் தொடங்கிய பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். வீடியோக்களில் பார்க்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் பொதியை உடைத்த அன்றைக்கே வாசித்துக் காட்டுபவை. அன்றைக்கு எந்தக் கம்பியும் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் வியர்வையும் உப்பும் பட்டு மூன்று மாதம் போன பிறகு அது எப்படிப் பேசுகிறது என்றுதான் நான் பார்ப்பேன். வருடத்தில் முக்கால்வாசி நாள் மேடையில் கேட்பது அந்தக் குரல்தான்.

முதலில் கம்பியின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். பேஸின் நாலு கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. தடித்த ஈ வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர வேண்டும். கழுத்து உச்சியில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம்தான் இருக்கிறது. அந்த நீளத்தில் அவ்வளவு மெதுவாக அதிர வேண்டுமென்றால் கம்பி பாரமாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பியையே தடிப்பாகப் போட்டால் இரும்புக் கோல் மாதிரி விறைத்துவிடும், அடிச்சுரத்தோடு கூடவே எழும் மேற்சுரங்கள் சுதி விலகி ஒலிக்கும். அதனால் நடுவில் மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றை வைத்து, அதன்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றுகிறார்கள். பாரம் கூடும், நெகிழ்வும் போகாது. சுற்றுகிற கம்பி உருண்டை என்றால் ரவுண்ட்வவுண்ட், தட்டை நாடா என்றால் ஃபிளாட்வவுண்ட். நகத்தால் இழுத்துப் பாருங்கள். ரவுண்ட் அரம் மாதிரிச் சர்ரென்று உரசும், ஃபிளாட் வழுக்கிக்கொண்டு போகும். ரவுண்டின் சுற்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில்தான் வியர்வையும் தோல் அழுக்கும் உப்பும் போய்க் குந்துகின்றன. குந்தக் குந்தக் கம்பியின் அசைவு மந்தமாகும். முதலில் போவது மேற்சுரங்களின் பளபளப்பு.

நான் தொடங்கியது நிக்கல் பூசிய ரவுண்டில், 45-65-85-105. இது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, ஈ கம்பி 0.105 அங்குலத் தடிப்பு. இரண்டு கிழமைக்குப் பியானோவின் கீழ்க்கட்டைகள் மாதிரி மினுங்கும். ஆறாம் கிழமையில் அந்த மினுக்கம் அடங்கி ஒரு தெளிவான, நடுத்தரமான குரல் வரும். அதுதான் எனக்குப் பிடித்த காலம். ஆனால் இந்த வீட்டில் நாலாம் மாதத்திலேயே ஈ செத்துவிடும், ஜி மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருக்கும். நாலு கம்பியும் நாலு வயதில் இருந்தால் ஒரு கம்பியிலிருந்து மற்றதற்குப் போகும்போது பாட்டே வேறு ஆளின் கைக்கு மாறியது போலிருக்கும். வாசிக்க முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும், வாசித்த பின் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகத் துடைப்பதும் பழகிய பிறகு ஆறு மாதம் தாக்குப்பிடித்தது. துடைத்த துணியைத் திருப்பிப் பார்த்தால் கறுப்புக் கோடு நாலு இருக்கும்.

2017இல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்டுக்கு மாறினேன். 1960களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கொம்பனியும் த ஹூ என்ற ரொக் குழுவின் பேஸ்காரர் ஜோன் என்ட்விசிலும் பெயர்பெறச் செய்த வகை இது. அமெரிக்காவின் ஃபெண்டர் கொம்பனி 1951இல் பிரசிஷன் பேஸ் என்ற கிற்றாரைக் கொண்டுவந்த காலத்தில் ஃபிளாட்தான் வழக்கம். ஸ்டீல் ரவுண்ட் வந்த பிறகுதான் பேஸ் முன்னுக்கு வந்து உறுமத் தொடங்கியது. எங்கள் காற்றுக்கு ஸ்டீல் நன்றாக நின்றுபிடித்தது. ஏழாம் மாதத்திலும் பிரகாசம் மிச்சமிருந்தது. தனியே அறையில் வாசிக்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

மேடையில் கதை வேறு. ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்து வயர் சுருட்டும்போது கீபோர்ட் வாசிக்கும் அண்ணை சொன்னார்: "தம்பி, உன்ர பேஸ் நல்லாக் கேக்குது. ஆனா என்ர இடக்கைக்கு இடமில்லாமல் போச்சு." ஃபோனில் பதிந்ததைப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியான பிறெட்டில் கம்பி அடிக்கும் சத்தமும் விரல் வழுக்கும் கீச்சும் கீபோர்டின் நடுக்கட்டைகளுக்கு மேலே ஏறி நின்றன. அதோடு ஸ்டீல் கம்பி பிறெட்டைத் தின்னும். இரண்டாம் வருட முடிவில் ஐந்தாம், ஏழாம் பிறெட்டுகளில் டி, ஜி கம்பிகளுக்குக் கீழே சின்னப் பள்ளம் விழுந்திருந்தது.

அன்றிலிருந்து கம்பி வாங்க முன் என்னை நானே கேட்பது ஒன்றுதான்: எனக்குப் பக்கத்தில் யார் வாசிக்கிறார்கள்?

2019இல் வெளிநாடு போன சிநேகிதன் ஒருவன் தன் பேஸை எனக்கு விற்றுவிட்டுப் போனான். அதில் ஃபிளாட் போட்டேன். ஃபிளாட் என்றால் எல்லாரும் சொல்லும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைக் கொம்பனியின் பாட்டுகளில் அவர் வாசித்தது லா பெல்லா கொம்பனியின் தடித்த ஃபிளாட், 52இலிருந்து 110 வரை. கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். நான் அவ்வளவு தடிப்புக்குப் போகவில்லை, 45-105தான். புது ஃபிளாட்டிலும் ஒரு தகரச் சத்தம் இருக்கிறது, ஏமாந்துவிடாதீர்கள். அது அடங்க எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. அதன் பிறகு வந்த குரலை எப்படிச் சொல்வது? மரத்தை விரல் முட்டியால் தட்டிச் சுரம் எழுப்பியது போல. தொடக்கம் உருண்டையாக இருக்கும், இழுவை குறைவு.

அதன் அருமை மிருதங்கத்தோடு வாசித்தபோதுதான் புரிந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்மென்று இறங்கும் இடமும் பேஸ் இருக்கும் இடமும் ஒன்று. ரவுண்ட் கம்பி அங்கே இழுத்துக்கொண்டே நின்றால் இரண்டும் குழம்பிக் களியாகிவிடும். ஃபிளாட் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஒதுங்கும். தேவாலயத்திலும் அப்படித்தான். உயர்ந்த கூரையும் சீமெந்துச் சுவரும் ஏற்கெனவே எல்லாவற்றையும் இழுக்கின்றன, பேஸும் இழுக்கத் தேவையில்லை. பள்ளமில்லாததால் அழுக்குக் குந்தவும் இடமில்லை. அந்தச் செட்டைப் போட்டு ஐந்து வருடம் தாண்டிவிட்டது, இன்னும் கழற்றவில்லை. வாங்கும்போது நிக்கல் செட்டைப் போல இரண்டு மடங்கு விலை. வருடக் கணக்கில் பார்த்தால் என்னிடமுள்ளதில் மலிந்த கம்பி அதுதான்.

ஃபிளாட் என்றால் மழுங்கல் என்று நினைக்கவும் வேண்டாம். அயன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பேஸ்காரர் ஸ்டீவ் ஹரிஸ் வாசிப்பது ஃபிளாட்தான். அவருடைய குதிரை ஓட்டம் போன்ற தாளம் அவர் விரல் கம்பியை அறைகிற அறையிலிருந்து வருகிறது.

ஆனாலும் ஃபிளாட் தோற்ற இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. வடமராட்சிப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. மேடைக்கு முன்னால் பெரிய பெட்டிகள், வீதி நெடுகப் பனைமரங்களில் குழாய் ஒலிபெருக்கிகள். நான் ஃபிளாட் பேஸோடு போயிருந்தேன். மேடையில் நெஞ்சு அதிர்ந்தது. முடிந்ததும் வீதியில் கடலை வாங்கிக்கொண்டு நின்ற மருமகன் ஓடிவந்து, "மாமா, இண்டைக்கு நீங்கள் வாசிக்கேல்லையோ?" என்று கேட்டான். குழாய் ஒலிபெருக்கியில் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வெளியே வராது. 41 ஹேர்ட்ஸ் ஈயின் அடிச்சுரம் அதற்குள் நுழையவே முடியாது. வீதியில் நிற்பவர் பேஸைக் கேட்பது அதன் மேற்சுரங்களால்தான். மேற்சுரங்கள் போதியளவு வந்தால் காது தானே அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்ளும். ஃபிளாட்டில் அந்த மேற்சுரங்கள் குறைவு. அடுத்த திருவிழாவுக்கு ஆறு கிழமை வயதான நிக்கலோடு போனேன். வீதிக்கும் கேட்டது, அண்ணையின் இடக்கைக்கும் இடமிருந்தது. அன்றிலிருந்து தேவாலயத்துக்கும் மிருதங்கம் உள்ள நிகழ்ச்சிக்கும் ஃபிளாட், திருவிழாவுக்கு நிக்கல் என்று இரண்டு பேஸும் பிரிந்துவிட்டன.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. கம்பி வாங்குவதை நினைக்கவே முடியவில்லை. செத்த நிக்கல் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிப் பத்து நிமிடம் அவித்து, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டோம். பிரகாசம் வந்தது, பத்து நாள் நின்றது. மூன்றாம் தடவை அவித்துப் போட்டபோது ஈ கம்பி சுதி சேர்க்கும் ஆணியடியில் அறுந்தது. சுற்றிச் சுற்றிக் கழற்றினால் அந்த வளைவு களைத்துவிடும். அவிப்பதை விட மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறவைப்பது நல்லது, ஈரம் நிற்காது, துருவும் பிடிக்காது. மூடியுள்ள குழாயில் வையுங்கள், நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அந்த நெருக்கடியில்தான் கொழும்புக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்த செட் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பொதி பெயர்பெற்ற கொம்பனியின் பொதி போலவே இருந்தது. திறந்த கம்பியில் ரியூன் சரி. பன்னிரண்டாம் பிறெட்டில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் சரியாக வர வேண்டும், டி கம்பி சுதி கூடி ஒலித்தது. பிரிட்ஜில் கம்பி அமரும் சேணத்தைப் பின்னுக்கு இழுத்து இழுத்து இடமே முடிந்துவிட்டது, சுதி சேரவில்லை. சுற்று ஒரு சீராக இல்லாத கம்பியை எந்தச் சரிசெய்தலாலும் நேராக்க முடியாது. எந்தக் கடையில் வாங்கினாலும் பழைய செட்டை எறிய முன் இந்தப் பன்னிரண்டாம் பிறெட் சோதனையைச் செய்துபாருங்கள்.

மேலே மெல்லிய படலம் பூசிய கம்பியும் ஒரு செட் பாவித்தேன், கனடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. பதினொரு மாதம் நின்றது, ரவுண்டில் அதுதான் கூடிய ஆயுள். தொடக்கத்திலேயே கொஞ்சம் மென்மையான குரல். கடைசியில் விரல் படும் இடத்தில் படலம் வெள்ளை நூலாக உரிந்தது. கையில் வியர்வை கூடியவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

தடிப்பு மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். இழுவிசை மாறினால் கிற்றாரின் கழுத்து வளையும். நான் ஃபிளாட் போட்டபோது கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோலைக் கால் சுற்று இறுக்க வேண்டி வந்தது. முதல் பிறெட்டையும் கடைசிப் பிறெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாம் பிறெட்டில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளி எனக்குப் போதும். இன்னொன்று, கம்பியை வெட்ட முன் வெட்டும் இடத்துக்கு இந்தப் பக்கம் குறட்டால் ஒரு மடிப்பு மடியுங்கள். உள்கம்பி வட்டமாக உள்ள வகையில் மடிக்காமல் வெட்டினால் சுற்று உள்ளுக்குள் தளர்ந்து, புதுக் கம்பியே செத்த கம்பியாகிவிடும்.

போன மாதம் பாசையூரிலிருந்து ஒரு பெடியன் வந்தான். எண்பதுகளின் சினிமாப் பாட்டு ரோன் வேண்டும், ஃபிளாட் வாங்கக் காசு சேர்க்கிறேன் என்றான். குசினியிலிருந்து பாத்திரம் கழுவும் புது ஸ்பொஞ்ச் ஒன்றை எடுத்து விரல் அகலத்துக்கு வெட்டி, அவனுடைய பழைய நிக்கல் கம்பிகளுக்கு அடியில் பிரிட்ஜோடு ஒட்டிச் செருகினேன். ரோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, வலக்கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்தி வாசிக்கச் சொன்னேன். நாலு சுரம் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஸ்பொஞ்சையும் கொண்டுபோய்விட்டான்.

என் அலுமாரியில் புது நிக்கல் செட் ஒன்று கிடக்கிறது. முதல் திருவிழாவுக்கு ஆறு கிழமை இருக்கும்போது பொதியை உடைப்பேன்.