டெல்ம்ஹார்ஸ்ட் எஃப்-2000: உலர்புல் கட்டுக்குள் குத்திப் பார்க்கும் ஈரமானி

அமெரிக்காவின் வெர்மாண்டில் மே கடைசியில் ஆர்ச்சர்ட் புல் கதிர் தள்ளும், திமோத்தி என்ற தீவனப் புல் ஜூனில். கதிர் முழுதாக விரியும் முன்னே அறுத்தால்தான் பால் மாட்டுக்கு அதில் சத்து இருக்கும். அந்த நாட்களில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் வாய்ப்பதே பெரிய காரியம். காற்றில் ஈரம் 80 சதவீதம் இருந்தால், எத்தனை நாள் போட்டு வைத்தாலும் புல் 21 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. 70 சதவீதம் ஆனால் 16 வரை காயும். காய்ந்துவிட்டதா என்ற சந்தேகத்தோடேயே பேலரை (புல்லை அழுத்திக் கட்டாக்கும் இயந்திரத்தை) ஓட்டவேண்டிய ஊருக்குத்தான் இந்தக் கருவி.

கட்டுக்குள் குத்தும் கம்பியின் முனை வழியே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதை ஈரமாகக் கணக்கிட்டுச் சொல்கிறது. 6 முதல் 40 சதவீதம் வரை காட்டும். 100 அளவுகள் வரை சேர்த்துச் சராசரியும் உச்ச அளவும் தரும். காசுக்கு மதிப்பு இந்த உச்ச அளவில்தான் இருக்கிறது. சராசரி 17 என்று வந்து, நிழல் விழுந்த ஓரத்தில் கட்டிய ஒரே ஒரு கட்டு 26 காட்டினால், பரணில் பூசணமும் சூடும் அங்கிருந்துதான் தொடங்கும். கையால் தூக்கும் சிறு சதுரக் கட்டுக்கு 18, பெரிய உருளைக் கட்டுக்கு 16 என்பது பாதுகாப்பான எல்லை.

கம்பி வாங்கும்போது கவனம் வேண்டும். 10 அங்குலக் கம்பி சிறு கட்டுக்குப் போதும். நான்கடி அகல உருளையில் அது மேல்தோலோடு நின்றுவிடும். அதற்கு 18 அங்குலம் வேண்டும். ஒவ்வொரு கட்டையும் ஒரே பக்கத்தில், ஒரே ஆழத்தில் குத்துங்கள். பக்கம் மாறினால் எண்ணும் மாறும். தளர்வாகக் கட்டிய கட்டு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

இனி, எண் பொய் சொல்லும் இடங்கள். பனி காயும் முன் கட்டினால் தண்டு காய்ந்திருந்தாலும் அளவு எகிறும். பிற்பகலில் இதற்கு நேர்மாறு: இலை மொறுமொறுவென்று இருக்கும், தண்டின் கணுவில் ஈரம் ஒளிந்திருக்கும், மீட்டர் 15 என்று சாந்தமாகச் சொல்லும். ஓரிரவில் அந்த ஈரம் கட்டு முழுக்கப் பரவி, காலையில் எண் ஏறிவிடும். அதனால் கட்டிய உடனே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை பார்ப்பது நல்லது. கணுவை நகத்தால் சுரண்டிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இந்தக் கருவி வந்ததற்காக விட்டுவிட வேண்டாம். பூசணம் பிடிக்காமல் இருக்கப் புரோபியோனிக் அமிலம் தெளித்த புல்லிலும் அளவு கூடுதலாகவே வரும். (20–25 சதவீத ஈரத்தில் புல்லின் எடையில் அரை சதவீதம், 25–30 இருந்தால் ஒரு சதவீதம் அமிலம் என்பது வழக்கமான கணக்கு. எனவே அமிலத்தின் அளவை முடிவு செய்யத் தெளிப்பதற்கு முன் கட்டிய கட்டையே அளக்க வேண்டும்.)

வயலில் வரிசையாகக் கிடக்கும் புல்லில் கம்பியைக் குத்திப் பார்த்துப் பயனில்லை. அழுத்தம் இல்லாததால் எண் தாறுமாறாக ஓடும். அங்கே மைக்ரோவேவ் அடுப்புதான் கைகொடுக்கும். 100 கிராம் புல்லை நறுக்கி, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, முதலில் இரண்டு நிமிடம், பிறகு அரை அரை நிமிடமாகக் காயவையுங்கள். எடை மேலும் குறையாமல் 82 கிராமில் நின்றால் ஈரம் 18. எஃப்-2000 சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் பருவத்துக்கு ஒருமுறை இதையே செய்யலாம்.

பெரிய குறை: வெப்பத்தை இது அளக்காது. ஈரமான கட்டு பரணுக்குள் போய்விட்டால் தனியாக நீளக் கம்பி வெப்பமானி வேண்டும். 55 டிகிரி செல்சியஸ் வரை பயமில்லை. 65 தாண்டினால் தினமும் பாருங்கள். 80-ஐ எட்டிவிட்டால் கட்டை நகர்த்தாமல் முதலில் தீயணைப்புத் துறையை அழையுங்கள். நகர்த்தினால் காற்று புகுந்து தீப்பிடிக்கும்.

வருடத்துக்கு ஐம்பது கட்டு போடுகிறவருக்கு இது வேண்டாம், நகமும் மைக்ரோவேவும் போதும். புல்லை விற்கிறவரும் மரப்பரணில் அடுக்குகிறவரும் யோசிக்காமல் வாங்கலாம். வேலை முடிந்ததும் கம்பியில் ஒட்டும் புல் பிசினைத் துடைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது.