விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா? கைப்பழக்கத்தையும் கேளுங்கள்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போவதா, லினக்ஸ் வகை இயங்குதளமான மின்ட்டுக்கு மாறுவதா என்று பழைய கணினி வைத்திருப்போரின் தவிப்பும் அன்றே தொடங்கியது.

செலவு: விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் புதுக் கணினியின் விலையிலேயே அடங்கிவிடும். மின்ட் இலவசம்.

பழைய கணினி: விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருள் வசதியைக் கேட்கும். மின்ட் கேட்காது.

பழக்கம்: உண்மையான இழுபறி இங்கேதான். லினக்ஸ் கடினம் என்பவர்களில் பலர் டி டிரைவைத் தேடிக் காணாமல் சலித்தவர்கள். லினக்ஸில் டிரைவுகளுக்கு எழுத்துப் பெயரே கிடையாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் நகலெடுக்கக் கன்ட்ரோல்-சி அழுத்தினால் அதில் ஓடும் நிரல் நின்றுவிடும். அங்கே ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். விரல்களுக்கு இது விளங்கச் சில நாள் பிடிக்கும், எரிச்சலும் வரும். ஆனால் வேடிக்கை பாருங்கள்: தொடக்கப் பொத்தானை நடுவுக்கு நகர்த்தியது விண்டோஸ் 11. மின்ட்டின் சின்னமன் என்ற முகப்புத் திரையிலோ மெனு பழையபடி இடது கீழ் மூலையிலேயே இருக்கிறது!

போட்டோஷாப், ஆட்டோகேட் இல்லாமல் பிழைப்பு நடக்காது என்றால் விண்டோஸிலேயே இருங்கள். உலாவி, மின்னஞ்சல், கடிதம் தட்டச்சு என்று போகிறவர்களுக்கு மின்ட் தாராளமாகப் போதும். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், எதையும் நிறுவாமல்.