எலினோருக்கு ஒரு வீடு

ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலை நல்ல பேய்க்கதை என்று சொல்லி மலேசியாவின் ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் என் தலையில் கட்டினார்கள். பேய் இருக்கிறது. ஆனால் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்த எனக்கு, நாயகி எலினோரின் நிலைமைதான் வயிற்றைக் கலக்கியது.

அவளுக்கு வயது 32. நோயாளித் தாய்க்குப் பணிவிடை செய்ததில் 11 ஆண்டுகள் போய்விட்டன. இப்போது உடன்பிறந்தவளின் வீட்டில், குழந்தை அறையில், ஒரு மடக்குக் கட்டில். அவளும் பாதிப் பணம் போட்டு வாங்கிய காரைக்கூடத் தர மறுக்கிறார்கள். சொல்லாமல் எடுத்துக்கொண்டு, பேய்வீட்டை ஆராய ஒரு டாக்டர் அழைத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறாள்.

அங்கே தியோடோரா என்ற புதுத் தோழியிடம் தனக்கொரு வீடு இருப்பதாக அளக்கிறாள். வெள்ளைத் திரைச்சீலை, கணப்பு மேடையில் குட்டிக் கல் சிங்கங்கள், உள்ளே நட்சத்திரம் வரைந்த கோப்பை. சிங்கம் வழியில் யார் வீட்டு வாசலிலோ பார்த்தது. கோப்பை உணவகத்தில் ஒரு சிறுமி அடம்பிடித்துக் கேட்டது. எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் வீடு வேலையோடு வருவது, வேலை போனால் வீடும் போய்விடும். லயத்தைக் காலி செய்துவிட்டு டவுனில் வாடகைக்கு இருப்பவர்கள், பழைய வாசலையும் முருங்கை மரத்தையும் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கு எலினோரின் பொய் புரியும்.

நள்ளிரவில் கதவு தட்டப்படும் இடம் ஒன்று போதும். அரைத் தூக்கத்தில் "வருகிறேன் அம்மா" என்று விளக்கைத் தேடுகிறாள். செத்துப்போன தாய்க்கு இன்னும் மருந்து எடுத்துக் கொடுக்கிற கை அது. பிறகு சுவரில் அவள் பெயரோடு எழுத்துகள் தோன்றுகின்றன: வீடு வந்துசேர எலினோருக்கு உதவுங்கள். எல்லாரும் மிரள்கிறார்கள். அவளும்தான். ஆனால் அதுவரை வேறு யார் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்?

பிற்பகுதியில் டாக்டரின் மனைவி ஆவிகளோடு பேசும் பலகையும் கையுமாக வந்து இறங்குகிறார். சிரிப்பு வருகிறது, கட்டிய பயம் பாதி கரைந்துவிடுகிறது. அந்த அம்மாளை வாசலோடு அனுப்பியிருக்கலாம்.

முனி, மோகினி, மலாய்ப் பெண் பேயான பொந்தியானாக் கதைகளைப் போலக் கடைசியில் பூசாரி வந்து விரட்டுவார் என்று காத்திருக்க வேண்டாம். ஆங்கிலம் கடினமில்லை, எலினோர் எங்கே கனவு காண்கிறாள், எங்கே உண்மையில் நடக்கிறது என்பதுதான் சட்டென்று பிடிபடாது, நிதானமாகப் படிக்க வேண்டும். அக்காள் வீட்டில் ஒண்டியிருக்கும் யாருக்கும் இதைப் பரிசளித்துவிடாதீர்கள்.