பேராவூரணியில் பழைய மினி டிராக்டர் பார்த்து வாங்கிய அனுபவம்

சிங்கப்பூரில் பழைய கார் வாங்குகிறவர்கள் விக்காம் போன்ற ஆய்வு மையத்தில் வண்டியைக் காட்டி, அறிக்கையைப் பார்த்த பிறகு பணம் கட்டலாம். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கம் என் தம்பிக்கு ஒரு பழைய மினி டிராக்டர் வாங்குவதற்காக இரண்டு வார விடுப்பில் சென்றபோது, அப்படிப்பட்ட இடம் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே விற்பவருக்கும் தரகருக்கும் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை, நாளுக்கு 1,500 ரூபாய் பேசி உடன் அழைத்துச் சென்றோம். அந்தப் பயணத்தில் நான் செலவழித்த பணத்தில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு சாய்ந்துவிட்டது. பிறகு வைத்த கன்றுகளின் மட்டைகள் இன்னும் தாழ்வாகத்தான் இருக்கின்றன. நடுவே வாழையும் நிற்பதால் பெரிய டிராக்டர் உள்ளே திரும்ப முடியாது. 24 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டிதான் தேவைப்பட்டது.

முதலில் பார்த்தது ஒரு பழைய வண்டி வியாபாரியிடம். இன்ஜினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தும், காலை எட்டு மணிக்கு நாங்கள் போனபோது ரேடியேட்டர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. குளிர்ந்த இன்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, பிடித்ததும் எந்த நிறத்தில் புகை விடுகிறது என்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை, திரும்பிவிட்டோம்.

இரண்டாவது வண்டி ஒரு விவசாயியின் வீட்டில் நின்றது. தொட்டுப் பார்த்தோம், சில்லென்றிருந்தது, உடனே பிடித்தது. முதலில் வந்த வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் அடங்கியது; எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப் புகை வரவில்லை. இன்ஜின் ஓடிய நேரத்தைக் கணக்கிடும் ஹவர் மீட்டர் 1,140 மணி காட்டியதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். மெக்கானிக்கோ, "அண்ணே, மீட்டரைப் பாக்காதீங்க, கிளட்ச் பெடலைப் பாருங்க" என்றார். பெடல் ரப்பரின் வரிகள் ஓரத்தில் மட்டும் மிஞ்சி, நடுப்பகுதி கண்ணாடிபோல் வழவழப்பாகியிருந்தது. மீட்டர் இடையில் சில காலம் ஓடாமல் இருந்ததை, கேட்டவுடன் அந்த விவசாயி மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

அடுத்து, பின்னால் மாட்டியிருந்த, மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரை முழுதாகத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, அதன் அடிப்பகுதி இருந்த உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கோடாகக் குறித்தார். இருபது நிமிடத்தில் அது இரண்டு விரற்கடை இறங்கியது. பழைய வண்டிக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது என்றும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையைத் தொட்டிருந்தால் அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் வேலை பெரிதாக இருந்திருக்கும் என்றும் விளக்கினார்.

பழுது முன் அச்சில் இருந்தது. அடியிலிருந்த வடிகால் போல்ட்டைச் சற்றே தளர்த்தியதும் வடிந்த எண்ணெய், கரைத்த மோர் நிறத்தில் அவர் உள்ளங்கையில் நின்றது. இது தண்ணீர் கலந்ததன் அடையாளம். நெல் வயலில் சேற்றுழவுக்கு ஓட்டிய வண்டிகளில், எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையமான சீல் தேய்ந்திருந்தால், அதன் வழியாகத் தண்ணீர் அச்சுக்குள் புகுந்துவிடும். கவனிக்காமல் ஓட்டினால் பல்சக்கரமும் பேரிங்கும் கெடும். சீல் மாற்றும் செலவைச் சொல்லி, 3,20,000 கேட்டவரிடம் 2,95,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

சேசிஸ் எண்ணின் மேலிருந்த சேற்றைத் துடைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. ஆனால் அதே புத்தகத்தில் வங்கியின் கடன் பதிவு நீக்கப்படாமல் கிடந்தது. கடனைக் கட்டி முடித்தாலே போதும் என்று அவர் எண்ணியிருக்கிறார். வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வரும்வரை பாதிப் பணத்தை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொண்டபோது அவர் கோபப்படவில்லை. மறுநாள் காலையிலேயே என் தம்பியோடு வங்கிக்குப் போனார்.

நான் திருச்சியில் விமானம் ஏறும் முன் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகிவிட்டது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் தம்பிக்கு நாள்காட்டியில் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். புதிய சீல் போட்டுத் தோப்பில் ஓட்டிய முதல் நாளில், எண்ணெய் தெளிவாக இருப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.